டீலர் ஒர்க்‌ஷாப்பில் டீசல் பிக்கப்பைத் தெரிந்த கையில் ஒப்படைப்பது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஓசூரிலிருந்து மடிவாளா மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிவரும், பிஎஸ்6 புகை விதிக்கு உட்பட்ட டீசல் பிக்கப். வாரண்டி முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது. செக் இன்ஜின் லைட் எரிகிறது. டீலரிடம் விட்டால் அணைத்துக் கொடுக்கிறார்கள், கொஞ்ச நாளில் மறுபடி எரிகிறது. போகும்போதெல்லாம் வண்டியில் கை வைப்பது வேறொரு பையன். "பெங்களூரில் டீசல் பிக்கப் நன்றாகப் பார்க்கிற டீலர் யார், இல்லை ஜே.சி. ரோடு பக்கம் வெளி மெக்கானிக்கிடம் காட்டிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு டீலர் பெயரைச் சொல்லிவிட்டால் உங்கள் சிக்கல் தீராது. ஒரே டீலரிடம் வேலை தெரிந்தவரும் இருப்பார், போன மாதம் சேர்ந்தவரும் இருப்பார். உங்கள் வண்டி யார் கைக்குப் போகிறது, அவருக்கு வேலை தெரியுமா என்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் நீங்கள் கேட்க நினைத்தது என்று எடுத்துக்கொள்கிறேன். டீலர் ஒர்க்‌ஷாப்களில் ஃப்ளோரிலும் பிறகு சர்வீஸ் மேனேஜராகவும் வருஷக்கணக்கில் இருந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். வாசலில் உங்களிடம் பேசுகிற சர்வீஸ் அட்வைசர் மெக்கானிக் இல்லை. நீங்கள் சொல்வதை ஜாப் கார்டில் எழுதுவது, மதிப்பீடு சொல்வது, பில் போட்டு வண்டியை ஒப்படைப்பது அவர் வேலை. ஜாப் கார்டு ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் போகும். அன்றைக்கு எந்த பே (வண்டியை நிறுத்தி வேலை செய்கிற இடம்) காலியாக இருக்கிறதோ, எந்த டெக்னீஷியன் சும்மா இருக்கிறாரோ, அங்கே அவர் வண்டியைத் தள்ளிவிடுவார். ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப், லைட் எரிகிறது" என்று மட்டும் இருந்தால் அது ஆயில் மாற்றுகிற பையனுக்குத்தான் போகும். சூப்பர்வைசர் மேல் தப்பு சொல்ல முடியாது, அவர் கண்ணுக்கு அது சாதாரண வேலையாகத்தான் தெரியும். அதே கார்டில் "லோடு ஏற்றி மேட்டில் போகும்போது வண்டி இழுக்கவில்லை, ஆர்பிஎம் ஏற மறுக்கிறது, இதே புகாருக்கு மூன்றாவது முறை வருகிறது" என்று எழுதியிருந்தால் கதையே வேறு. திரும்பத் திரும்ப ஒரே புகாருக்கு வருகிற வண்டிகளைக் கம்பெனிகள் தனியாகக் கணக்கெடுக்கின்றன. அது டீலரின் மதிப்பெண்ணைப் பாதிக்கும். அதனால் "ரிப்பீட்" என்ற சொல் கார்டில் ஏறினால் சூப்பர்வைசர் தன் ஆட்களில் தேர்ந்தவரைத்தான் கூப்பிடுவார். அட்வைசர் தானாக அதை எழுத மாட்டார். எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்து புரியவில்லை என்றால், "அண்ணா, ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்" என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

அடுத்தது தகுதி. டீலர் ஒர்க்‌ஷாப் டெக்னீஷியன்களில் பெரும்பாலோர் ஐடிஐ முடித்தவர்கள். மெக்கானிக் டீசல் என்பது 1 வருடப் படிப்பு, மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் 2 வருடம். சிலர் டிப்ளமோ படித்திருப்பார்கள். இது அடிப்படைதான். இதற்கு மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் பயிற்சி மையத்தில் படிப்படியாகப் பயிற்சி கொடுத்துத் தேர்வு வைக்கிறது. சாதாரண சர்வீஸ் செய்பவர் ஒரு படி, இன்ஜின் பிரித்துச் சேர்ப்பவர் ஒரு படி, ஸ்கேனரை வைத்துக்கொண்டு மின்சார, எலக்ட்ரானிக் கோளாறைக் கண்டுபிடிப்பவர் அதற்கு மேல். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். டயக்னோசிஸ் டெக்னீஷியன், மாஸ்டர் டெக்னீஷியன் என்ற மாதிரி இருக்கும். நடுத்தரமான ஒர்க்‌ஷாப்பில் இந்த மேல்படி ஆட்கள் ஓரிருவர்தான் இருப்பார்கள், சில இடங்களில் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஆகவே அட்வைசரிடம் "நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "இந்த இன்ஜினுக்கு டயக்னோசிஸ் பயிற்சி முடித்தவர் யார், என்றைக்கு டூட்டியில் இருப்பார்?" என்று கேளுங்கள். பெயரும் நாளும் சொன்னால் அந்த நாளுக்கு, காலை முதல் நேரத்துக்கு, அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். "எல்லாரும் டிரெய்ன்ட்தான் சார்" என்ற பதில் வந்தால் வேறு கிளையை விசாரிக்கலாம்.

சான்றிதழ் பற்றி ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அது ஒருவர் படித்திருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி. உங்கள் வண்டியில் அக்கறையோடு வேலை செய்வார் என்பதற்கு இல்லை. சான்றிதழ் வாங்கிய கையோடு ஆட்கள் வேறு டீலருக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்விடுவதும் இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. போன வருடம் நன்றாகப் பார்த்த ஒர்க்‌ஷாப் இந்த வருடம் சரியில்லாமல் போவதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் இதுதான். நான் டீலர் பெயர் சொல்லாததற்கும் இதுவே காரணம்.

சரி, ஆள் தேர்ந்தவர்தானா என்று எதை வைத்துச் சொல்வது? என் அனுபவத்தில் ஒரே ஒரு அடையாளம் பொய்த்ததில்லை. எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் அவர் எதை அளந்தார் என்று பாருங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, ஐடிலில் வண்டி நடுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை தெரியாதவர் "இன்ஜெக்டர் போயிடுச்சு, நாலையும் மாத்திடலாம்" என்பார். தெரிந்தவர் செய்வதே வேறு. இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற நான்கு இன்ஜெக்டர்களிலும், மிச்ச டீசல் திரும்பிப் போகிற ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை மாட்டுவார். அவற்றின் மறுமுனையில் கோடு போட்ட நான்கு சின்னப் பாட்டில்கள் பானெட்டின் ஓரத்தில் வரிசையாகத் தொங்கும். இன்ஜினை ஓடவிட்டு, பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்று பாட்டில்களில் டீசல் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். ஒன்றில் மட்டும் மடமடவென்று ஏறினால், அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது, அதை மட்டும் கழற்றிச் சோதித்தால் போதும். ஒரு காபி குடிக்கிற நேரம்தான் ஆகும். செலவு அனேகமாக ஒன்றுமில்லை. நான்குக்குப் பதில் ஒரு இன்ஜெக்டர் மாற்றினால் மிச்சமாகும் பணம் எவ்வளவு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புது இன்ஜெக்டர் போட்டால் வேலை அதோடு முடியாது. பெரும்பாலான இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு (கோட்) பொறித்திருக்கும், அதை ஸ்கேனர் வழியாக இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியுவில் பதிய வேண்டும். இதுதான் கோடிங். பதியாமல் விட்டால் புகையும் நடுக்கமும் நிற்காது. "கோடிங் போட்டாச்சா?" என்று நீங்கள் கேட்கிற ஒரு கேள்வியிலேயே எதிரில் நிற்பவர் உஷாராகிவிடுவார்.

இப்போது உங்கள் லைட்டுக்கு வருகிறேன். வண்டியைப் பார்க்காமல் எழுதுகிறேன், ஆகவே இது தீர்ப்பு இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: இசியுவில் பதிவான கோளாறுக் குறியீட்டை (கோட்) அழிப்பது ரிப்பேர் ஆகாது. லைட் எரியும் கணத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று இசியு ஒரு பதிவைச் சேமித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். குறியீட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும். கோளாறைக் கண்டுபிடிக்க இருந்த நல்ல தடயத்தைத் துடைத்துவிட்டுத்தான் உங்களிடம் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை எதையும் அழிப்பதற்கு முன் ஸ்கேன் ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் ஸ்கேனர் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத் ஓபிடி கருவி (வண்டியில் செருகிப் போனில் பார்க்கிற சின்ன ஸ்கேனர்) வைத்திருந்தால் நீங்களே குறியீட்டை வாசிக்கலாம். அதில் அழிக்கிற பட்டனை மட்டும் தொடாதீர்கள்.

நிச்சயமாகச் சொல்ல முடியாவிட்டாலும் நான் முதலில் சந்தேகப்படுவது டிபிஎஃப், அதாவது சைலன்சர் வரிசையில் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 டீசல்களில் இது வழக்கமாகிவிட்டது. பிடித்த கரியை 600 டிகிரி அளவுச் சூட்டில் வண்டி தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஒரே சீராக ஓட வேண்டும். அத்திப்பள்ளி தாண்டி ஓரளவு ஓடி, பொம்மனஹள்ளியிலும் சில்க் போர்டிலும் ஊர்ந்து, மார்க்கெட்டில் இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்கிற வண்டிக்கு அந்த வாய்ப்பு அடிக்கடி நடுவிலேயே அறுந்துபோகும். எரிக்கத் தொடங்கி பாதியில் நிற்கும்போது, சூட்டை ஏற்றுவதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். அதனால் ஒரு சின்னச் சோதனை. ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு குறையாமல் ஏறியிருந்தால், டீசல் வாடை அடித்தால், இந்தப் பக்கம்தான் சிக்கல். அப்படி இருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டாதீர்கள். ஆயிலும் மேனுவலில் போட்டிருக்கிற, சாம்பல் குறைவான ரகமாக இருக்க வேண்டும். பழைய வண்டிக்கு ஊற்றிய ஆயிலை ஊற்றினால் டிபிஎஃப் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

ஸ்கேனில் பி2463 என்று வந்தால் கரி சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்போதும் தேர்ந்தவர் உடனே டிபிஎஃப்-ஐ மாற்றச் சொல்ல மாட்டார். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கிற சென்சாருக்கு இரண்டு சின்ன ரப்பர் ஹோஸ் போகும். அதில் ஒன்று வெடித்திருந்தாலோ அடைத்திருந்தாலோ நல்ல ஃபில்டரையே கெட்டது என்று இசியு நினைத்துக்கொள்ளும். முதலில் அதைத் தடவிப் பார்ப்பார். பிறகு இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடுகிற வால்வு), டர்போ ஹோஸில் கசிவு என்று போவார். ஏனென்றால் அளவுக்கு மேல் கரி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் ஃபில்டரைச் சுத்தம் செய்தால் அடுத்த மாதம் மறுபடி அடைக்கும். அதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஒர்க்‌ஷாப்பிலேயே வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, ஸ்கேனர் மூலம் கட்டாயமாக எரிக்க வைப்பார். பி0087 என்று வந்தால் காமன் ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் கொடுக்கிற பொதுக் குழாயில், அழுத்தம் போதவில்லை, டீசல் ஃபில்டரிலிருந்து தொடங்க வேண்டும். பி0299 என்றால் டர்போ காற்று போதவில்லை. உங்கள் வண்டியில் ஆட்ப்ளூ டேங்க் இருந்தால் அதையும் ஒரு கண் பாருங்கள். அது 32.5 சதவீத யூரியா கலந்த, உப்பு நீக்கிய தண்ணீர். தெரியாத கேனில் வாங்கி ஊற்றியதால் வந்த கோளாறுகளை நிறைய பார்த்திருக்கிறேன்.

எந்த ஒர்க்‌ஷாப் என்பதில் ஒரு அடிப்படையான விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. டாடாவின் யோதா, இன்ட்ரா வைத்திருப்பவர் கார் ஷோரூம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் வேலை ஆகாது. அந்தக் கம்பெனியில் சரக்கு வண்டிகளுக்கு டீலர்கள் தனி. அசோக் லேலண்ட் தோஸ்த்துக்கும் சிறு சரக்கு வண்டி பார்க்கிற டீலரிடம்தான் போக வேண்டும். மஹிந்திரா பிக்கப் என்றால், காரும் பிக்கப்பும் ஒரே டீலர் பார்த்தாலும், எந்தக் கிளையில் பிக்கப் அதிகம் வருகிறது என்று கேட்டு அங்கே போங்கள். தினமும் அதே இன்ஜினைப் பார்க்கிற கைக்கு வருகிற பழக்கம் எந்த வகுப்பிலும் வராது. டொயோட்டா ஹைலக்ஸ் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஃபார்ச்சூனரில் இருக்கிற அதே 2.8 லிட்டர் டீசல் இன்ஜின்தான் அதிலும் இருக்கிறது. ஆகவே ஃபார்ச்சூனர் அதிகம் வருகிற ஒர்க்‌ஷாப்பில் தைரியமாக விடலாம். இசுசு வைத்திருப்பவர்களுக்கு டீலர் குறைவு என்பதால் தேர்ந்தெடுக்கிற வசதியும் குறைவு. அவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. லோடு வண்டி ஓட்டுகிறவர்களிடமே விசாரியுங்கள். மடிவாளாவிலும் கலாசிபாளையத்திலும் உங்கள் மாடலையே நிறுத்தியிருக்கிற நாலு டிரைவர்களிடம் "உங்க வண்டியை எங்க காட்றீங்க, யார் பாக்கறாங்க?" என்று கேட்டால், ஒரே பெயர் இரண்டு மூன்று வாயிலிருந்து வரும். அந்தப் பெயரைத்தான் நான் நம்புவேன்.

போகிற நேரமும் முக்கியம். சனிக்கிழமை வேண்டாம். மாதக் கடைசி வேண்டாம், அப்போது எல்லாருக்கும் பில் டார்கெட் கழுத்தில் இருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் பெங்களூரில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் யோசித்து வேலை செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. வாரத்தின் நடுவில், காலையில் போங்கள். வண்டியை விடும்போது டெக்னீஷியனோடு ஒரு ட்ரையல் போங்கள், முடிந்தால் லோடோடு. காலி வண்டியில் தெரியாத கோளாறு லோடில் தெரியும். ஓட்டும்போது "எப்பலேர்ந்து தம்பி பாக்கறீங்க இந்த மாடல்?" என்று பேச்சுக் கொடுங்கள். கேள்வி கேட்காமல் தலையாட்டிக்கொண்டே வருகிறவரை விட, "கூலிங்ல இருக்கும்போதா, சூடானப்புறமா? எந்த கியர்ல?" என்று உங்களைக் குடைகிறவர் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். அட்வைசர் நீட்டுகிற இன்ஜின் ஃப்ளஷ், டீகார்பனைசிங் (கரி நீக்குவது) மாதிரியான கூடுதல் வேலைகளுக்கு, மேனுவலில் உள்ள சர்வீஸ் அட்டவணையில் இல்லையென்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டீகார்பனைசிங் சில வண்டிகளுக்குப் பலன் தந்ததைப் பார்த்திருக்கிறேன், ஒன்றுமே ஆகாததையும் பார்த்திருக்கிறேன். ஏன் தேவை என்பதற்கு ஒரு அளவைக் காட்டாமல் கேட்டால் காசு கொடுக்க வேண்டாம்.

வெளியே காட்டலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வாரண்டி இருக்கும்வரை இன்ஜினிலும் எமிஷன் சமாச்சாரத்திலும் வெளி ஆள் கை வைக்க விடாதீர்கள், பிறகு நியாயமான க்ளெய்மைக்கூட அதைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். வாரண்டி முடிந்தபின் நிலைமை வேறு. டீசல் பம்ப் வேலைக்குப் பெங்களூருக்கென்று ஒரு பாரம்பரியமே உண்டு. 1951இல் தொடங்கிய மைக்கோ கம்பெனி ஆடுகோடியில் பம்பும் நாசிலும் செய்து, 2008இல் போஷ் என்று பெயர் மாறியது. அதையொட்டி டீசல் பம்ப் பிரித்துச் சேர்க்கிற அருமையான மேஸ்திரிகள் இந்த ஊரில் உருவானார்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு இன்றைக்கும் நான் அவர்களிடம்தான் அனுப்புவேன். காமன் ரெயில் வண்டிக்கு அந்தக் கைத்திறன் மட்டும் போதாது. அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகிற இடம் அது. இன்ஜெக்டரைச் சோதிக்க டெஸ்ட் பெஞ்சும், தூசி புகாத அறையும், கோடிங் போடுகிற ஸ்கேனரும் வேண்டும். போஷின் அங்கீகாரம் பெற்ற டீசல் சர்வீஸ் மையங்களில் இவை இருக்கும். மற்ற கடைகளில் டெஸ்ட் பெஞ்சைக் கண்ணால் பார்த்துவிட்டு, சோதனை ரிப்போர்ட் அச்சடித்துத் தருவார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். யாராவது "டிபிஎஃப்-ஐ வெட்டி எடுத்துட்டு சாஃப்ட்வேர் மாத்திடலாம், தொல்லையே இல்ல" என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். கம்பெனி வடிவமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது. எப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றிதழுக்கு, போகும்போது மாட்டிக்கொள்வீர்கள், வாரண்டியும் போய்விடும். அந்தப் புகையைச் சுவாசிக்கப்போவது மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள்.

மூன்றாவது முறையும் தீரவில்லை என்றால் அட்வைசரோடு சண்டை போடுவதில் பலன் இல்லை. சர்வீஸ் மேனேஜரைப் பார்த்து, கம்பெனியின் ஏரியா சர்வீஸ் ஆட்களிடம் கேஸை அனுப்பச் சொல்லுங்கள். டீலரால் முடியாததைப் பார்க்கக் கம்பெனியில் தனியாக இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். கூடவே கம்பெனி கஸ்டமர் கேருக்கும் ஜாப் கார்டு எண்களைப் போட்டு ஈமெயில் அனுப்புங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. வாரண்டி முடிவதற்குள் இந்தப் புகார் எழுத்தில் பதிவாகியிருப்பது மிக முக்கியம். முடிந்தபின் அதே கோளாறு வந்தால், முன்பே இருந்தது என்று காட்ட அதுதான் ஆதாரம். காசு கொடுத்து மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையம் வரை போக வேண்டி வந்தால், சரக்கு வண்டி என்பதால் வழக்கு எடுபடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2019ஆம் வருடச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியதை விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரை நுகர்வோர் என்றே கொள்கிறது. ஒரே வண்டியை நீங்களே ஓட்டிப் பிழைக்கிறீர்கள் என்றால் அது உங்களுக்குச் சாதகம். நான் வக்கீல் இல்லை, மனு போடுவதற்கு முன் ஒருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஆயில் அளவைப் பார்ப்பதும், பழைய மூன்று ஜாப் கார்டுகளையும் தேடி எடுப்பதும். அவற்றில் எங்காவது பி என்று தொடங்கும் குறியீடு எழுதியிருந்தால் அதையும், வண்டியின் மாடலையும், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். எந்த அளவை முதலில் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.